211 முதல் 226 வரை

நகரசபை நூலகத்தில் எடுத்த நாவல்,
ஐந்நூற்று எண்பது பக்கம்,
முதுகில் கறுத்துப்போன தோல் பட்டி.
தொடக்கத்தில் ஒரு வம்ச மரம்:
ஐந்து தலைமுறை, நான்கு பேருக்கு ஒரே பெயர்.
எனக்கு முன் வாசித்த யாரோ
இறந்தவர்களுக்குப் பென்சிலால் சிலுவை போட்டுவந்து
பாதியில் கைவிட்டிருக்கிறார்.
இறந்தவர்கள் திரும்பிவரத் தொடங்கியதும்
கை ஓய்ந்திருக்க வேண்டும்.

உப்புவெளி பஸ்ஸில் வாசித்தேன்.
கச்சேரியில், பிறப்பு இறப்புப் பதிவு யன்னலுக்குப் பின்னால்,
கோவைகளுக்குக் கீழே ஒளித்துவைத்து வாசித்தேன்.

அந்த வீட்டு மூத்த மருமகள் கோபப்பட்டால்
கண்ணாடிகள் எல்லாம் ஒரு நாள் பிந்தும்,
நேற்றைய முகத்தையே காட்டும்.
முகம் மழிக்கும் ஆண்களுக்கு வெட்டுக்காயம்.
'அன்று வெங்காயம் றாத்தல் பதினெட்டுச் சதம்'
என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறது.
அங்கேதான் நான் விழுந்தேன்.
கண்ணாடியை நம்பவில்லை, வெங்காயத்தை நம்பினேன்.
அதன் கையைப் பிடித்துக்கொண்டு
கண்ணாடியும் உள்ளே வந்துவிட்டது.

பக்கத்து மேசை மரியநேசன் சிரித்தார்:
"இந்த வயசில இதையெல்லாம் எப்பிடி மிஸ் நம்புறீங்கள்?"
அவர் கையில் அப்போது ஒரு கோவை.
அதில் ஒரு மூதூர்க்காரர் இரண்டு திகதிகளில் இறந்திருந்தார்,
இரண்டிலும் முத்திரை சரி.
வெளியே,
கோட்டையிலிருந்து இறங்கிவந்த புள்ளிமான் ஒன்று
ஜனூபா கொண்டுவந்த விண்ணப்பத்தின் ஓரத்தைக்
கடித்துக்கொண்டு நின்றது.
வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கன்னியாவில் கையெட்டும் தூரத்தில் ஏழு கிணறு,
ஏழுக்கும் ஏழு சூடு.
நாங்கள் வாளியோடு போய் முழுகிவிட்டுக்
கடலை கொறித்துக்கொண்டு வருவோம்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கே பிறகுதான் விளங்கியது:
எனக்குப் பிடித்தது அதிசயம் இல்லை,
அந்த வீட்டில் யாரும் 'ஏன்' என்று கேட்காதது.
படிவம் நிரப்பச் சொல்லாதது.
செத்தவர் வந்தால் கதிரையை இழுத்துப் போடுகிறார்கள்,
தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்கிறார்கள்.

இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில்
மூன்றாம் தலைமுறைச் சின்ன மகன்
விளக்குக்குத் திரி வாங்கப் புறப்படுகிறான்.
அடுத்த பக்கம் 227.
அங்கே அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.
பதினாறு பக்கங்களை யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள்,
தையல் நூல் மட்டும் நின்றது.

எங்கள் கிருபைராசன் வாங்கப் போனது சைக்கிள் ரியூப்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆனி, ஒரு புதன்கிழமை.
அம்மா போன பிறகுதான் அவனுடைய சான்றிதழ் வந்தது.
'இறந்தவர்' அல்ல, 'காணாமற்போனவர்.'
அதே அச்சுச் சொல்லை
இந்த யன்னல் வழியே எத்தனை கைகளில் கொடுத்திருப்பேன்.

ஒரு போயா விடுமுறை. மச்சாள் தூங்கிவிட்டாள்.
கணக்குக் கொப்பியில் தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.
முதலில் அழுகைதான் வந்தது; வெட்டிப் போட்டேன்.
பிறகு விலைகளை எழுதினேன்.
ரியூப் நாற்பத்தெட்டு ரூபாய்.
மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.
டச்சுக்குடாவில் சூடை மீன் மலிவு.
எழுத எழுத,
காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
மடத்தடி வளைவில் திரும்பினான்,
பத்தொன்பது வயதில், சட்டைப் பையில் காசு அப்படியே.
"கடை பூட்டிக் கிடக்கு. நாளைக்குப் போறன்."
அதற்குமேல் எழுதவில்லை.
தாள்களை அந்த இடைவெளியில் செருகினேன்.

நூலகத்தில் திலகரூபி
விரலை நனைத்து நனைத்துப் பக்கங்களை எண்ணினாள்.
210க்குப் பிறகு 211 வந்தது.
அச்செழுத்து. தையல் உறுதி.
அட்டையில் 'பக்கங்கள் முழுமை' என்று எழுதினாள்,
நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
ஏழு நாள் பிந்தியிருந்தேன்.
தண்டம் பதினான்கு ரூபாய்.